ஒட்டுகிற மேல்பக்கம்

முப்பத்தோராவது கண்ணாடித் தகட்டையும் தொட்டுப் பார்த்தாள் மயிலம்மாள். கையுறை பிசுபிசுவென்று ஒட்டியது. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

மலேசியாவில் கோலா சாவா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷம் ரப்பர் பால் சோதித்தவள் அவள். தொண்ணூற்றெட்டில் டாக்டர் கணேசமூர்த்தி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். கூடவே தேன்போலக் கெட்டியான ஒரு திரவமும் வந்தது. அது உப்பாம். தண்ணீரில் கரைத்ததல்ல, உப்பே திரவமாக இருக்கிறது. கொஞ்சம் மருந்து கலந்து புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் ஒளி பட்டு இறுகி, மின்சாரம் கடத்தும் மெல்லிய தாளாகும் என்றார்.

ஆறு வாரமாக ஆகவில்லை.

"விளக்குக்குச் சக்தி பத்தல. இன்னும் அரை மணி நேரம் வைங்க" என்றார் டாக்டர்.

"அடிப்பக்கம் நல்லா இறுகிருச்சு டாக்டர். காத்துப் படுற மேல்பக்கந்தான் ஒட்டுது. காத்துதான் கெடுக்குதுன்னு நெனைக்கிறேன்."

"வெளிச்சம் மேலருந்துதானே அடிக்குது? மேல்பக்கந்தானே முதல்ல இறுகணும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"சொன்னத செய்ங்க லா."

வியாழக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மூன்று பேர் அந்தத் தாளைப் பார்க்க வருவதாக இருந்தது. புதன்கிழமை டாக்டர் புது விளக்குக்கு அலைய சிரம்பான் போனார். கார் வாசலைத் தாண்டியதும், மயிலம்மாள் ஆபீசிலிருந்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையொன்றை எடுத்து வந்து திரவத்தின்மேல் போர்த்தி விளக்கைப் போட்டாள். இருபது நிமிஷம். பிளாஸ்டிக்கை உரித்தபோது அடியிலிருந்த உப்புத் தாள் காய்ந்து, வழவழவென்று கையோடு வந்தது.

திரும்பி வந்த டாக்டர் அதை வளைத்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா, கூட நேரம் வெச்சா வருது!"

மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "இருபதே நிமிஷம் டாக்டர். காத்துப் படாம மூடி வெச்சேன்."

அவர் தாளைத் திருப்பி மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் வந்தவர்களிடம் காற்றிலுள்ள ஆக்சிஜன் எப்படி வேலையைக் கெடுக்கிறதென்று டாக்டர் அழகான ஆங்கிலத்தில் விளக்கினார், தாமே கண்டுபிடித்த மாதிரி. வந்தவர்களில் ஒரு மலாய் அம்மாள் குறுக்கிட்டார். குமிழி விழாமல் எப்படி மூடினீர்கள்?

டாக்டர் மயிலம்மாளைப் பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் அவரைத் தவிக்க விட்டாள்.

"தள்ளுங்க டாக்டர்" என்று மேசைக்கு வந்து, ஒரு ஓரத்தைப் பிடித்துப் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல இறக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு எல்லாக் கேள்வியும் அவளிடமே வந்தது. டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போக, ராசா என்ற ஊருக்கான பஸ்ஸில் ஏறியபோதும் எரிச்சல் முழுதாக அடங்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் டாக்டரிடம் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது இறங்கவேண்டிய இடம் மூன்று நிறுத்தம் பின்னால் போயிருந்தது.