முதல் இடத்துச் சுருள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் ஈரச் சட்டையில் பிறந்தது. ஒருநாள் காலை என் தங்கையின் கணவர் தோளில் நீளமான மூட்டையைச் சுமந்தபடி அவளுடைய ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் சட்டையை நனைத்து செருப்பு வரை இறங்கியிருந்தது. இதை எழுதியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனால் அந்தக் காட்சி கடைசியில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "கடல் என்பது மனிதத் தாகத்தின்..." [அடித்துவிட்டேன். தங்கை படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.]

இரண்டாவது: "சிறு வயதிலேயே அவள் ஒரு மேதை..." [பொய். நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் சைக்கிளைப் பிரித்துப்போட்டுவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தவள்.]

சரி, நேராகவே சொல்கிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் சவ்வு என்று ஒன்று உண்டு. கடல்நீரை அழுத்தித் தள்ளினால் உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விடும். அதைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நீண்ட குழாய்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதன்மேல் ஒட்டி, கொழகொழவென்று படர்ந்துவிடும். அப்புறம் பம்பு திணறும், மின்சாரம் விரயமாகும், ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும். அப்படிக் கழுவுகிறவர்தான் தங்கையின் கணவர்; அப்படி ஓர் ஆலையில் ஆபரேட்டர். கழுவுகிற நாட்களில் கண் எரிச்சலோடு வீட்டுக்கு வருவார்.

தங்கை செய்வது, சவ்வின் மேற்பரப்பில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசுவது. பூச்சின்மேல் எப்போதும் ஈரம் படர்ந்திருப்பதால் அழுக்குக்குப் பிடிமானம் கிடைக்காது.*

* ஆரம்பத்தில் பூச்சு தடித்துப்போய்விட்டதாம். அழுக்கே ஒட்டவில்லை என்று ஆய்வுக்கூடமே குதித்திருக்கிறது. பிறகுதான் பார்த்தார்களாம், தண்ணீரும் போகவில்லை. அவளைப் பற்றி நான் எழுதிய முதல் வரைவுக்கும் அதே கதிதான். புகழ்ச்சியை அப்பி வைத்ததில் ஆளே தெரியவில்லை.

3

கணவர் வேலை பார்க்கும் ஆலையின் மேலாளர், அவள் பூச்சுப் பூசிய ஒரே ஒரு சுருளுக்கு இடம் கொடுத்தார். சரியாக வந்தால் மேலே பார்க்கலாம், இல்லாவிட்டால் இத்தோடு சரி என்றார். குழாயின் கடைசி இடம் அது. முன்னால் இருக்கும் சுருள்களே பெரும்பாலான அழுக்கை வாங்கிக்கொள்ளும் என்பதால் அங்கே நோகாத வேலை. தங்கை சண்டை போட்டு முதல் இடத்தை வாங்கினாள்.

மாதங்கள் போயின. மற்ற குழாய்களில் அழுக்கு அடைத்து அழுத்தம் ஏறியது, அந்தக் குழாயில் மட்டும் ஏறவில்லை. மேலாளர் வாயெல்லாம் பல்லாக, இன்னும் நிறையச் சுருள் வேண்டும் என்றார். கதையை இங்கேயே சுபமாக முடித்திருக்கலாம். அவள் விடவில்லை. அந்தச் சுருளைக் கழற்றி அறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அறுத்த சுருளைத் திரும்ப மாட்ட முடியாது. அதற்கு அவர்கள் தொழிலில் பிரேதப் பரிசோதனை என்றே பெயர். வழக்கமாக அடைத்துக்கொண்டு செத்த சுருளுக்குச் செய்வது. இவள் உயிரோடு இருப்பதற்குச் செய்யக் கேட்டாள். மேலாளர் அரைமனதாகச் சரி என்றார்.

அன்று அவர்கள் வீட்டில்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடுற வண்டியை யாராவது பிரிப்பாங்களா?" என்றார் கணவர். "நல்லாத்தானே இருக்கு, விடேன்."

"நல்லாத்தான் இருக்கு. எதனால நல்லா இருக்கு?"

"உன் பூச்சாலதான்."

"அது எனக்குத் தெரியாதே. நீங்க விடுற ரசாயனத்துல பூச்சு என்னைக்கோ போயிருக்கலாம். அந்தக் குழாய்க்குத் தண்ணி குறைச்சலா வந்ததால தப்பிச்சிருக்கலாம்."

"சரி, பூச்சு இல்லைன்னே தெரியுதுன்னு வச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

"அதோட உன் ஆராய்ச்சியை மூடிடுவாங்க. இத்தனை வருஷ உழைப்பு. உன்னை யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. அதான் நான் கேக்கறேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

நான் நல்ல பிள்ளையாக இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

"நான் கழட்டித் தரமாட்டேன்," என்று கை கழுவ எழுந்துபோனார்.

[இங்கே அவரை வில்லனாக்கப் பார்த்தேன். "அவர் கண்ணில் பொறாமை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அந்த மனுஷனுக்குப் பொறாமைப்படவே தெரியாது. அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயந்தார். எனக்கும் அதே பயம்தான்.]

4

இப்போது ஈரச் சட்டை. மூட்டையை மேசைமேல் இறக்கினார். உள்ளே ஈரத்துணி சுற்றிய சுருள்.

"வழியெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே வந்தேன். காய்ஞ்சா வீணாயிடும்னு நீதானே சொன்னே."

"தரமாட்டேன்னீங்க?"

"வேற யாராவது கழட்டினா கீறிடுவாங்க."

 தங்கை மேலாளரைப் போனில் கூப்பிட்டு, உங்கள் முன்னால்தான் அறுப்பேன், வாருங்கள் என்றாள். அந்த மனிதர் வந்து சேரும்வரை யாரும் சுருளைத் தொடவில்லை.

ரம்பம் வெளிக்கூட்டை நீளவாக்கில் அறுத்தது. விரித்த சவ்வின் ஒரு முனையைக் கணவர் பிடித்தார், மறுமுனையை நான்.

"அண்ணா, மேல்பக்கம் கை படாம பிடி. கதையை அப்புறம் யோசிக்கலாம்."

ஒரு துண்டை வெட்டி, அலசி, உலரவிட்டாள். அதன்மேல் ஒரு துளித் தண்ணீர் விடுவதுதான் சோதனை. பூச்சு இருந்தால் துளி பரவும். இல்லையென்றால் உருண்டையாக நிற்கும். கணவர் கண்களை மூடிக்கொண்டார். மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவள் துளியை விட்டுவிட்டுக் குனிந்தாள்.

5

முடிவு ஒன்று: துளி பரவியது. கணவர்... [முடிக்கவில்லை.]

முடிவு இரண்டு: துளி நின்றது. மேலாளர்... [இதையும்.]

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அந்தத் துளியைப் பார்த்துவிட்டுத்தான் இவன் தங்கையைப் புகழ்கிறான் என்று நினைப்பீர்கள். அவள் ரம்பத்தைக் கையில் எடுத்தபோதே நான் பெருமைப்பட்டு முடித்துவிட்டேன்.

இனி துளி உங்களுடையது. பரவ விடுங்கள், அல்லது நிற்க விடுங்கள். எதுவானாலும், அவள் நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி அதை அப்படியே சொல்வாள்.