கிருபாகரன் சுமந்த வீடு

விளாங்குடி இன்ஜினியர் கிருபாகரன் எந்த வரைபடத்தில் முத்திரை குத்தினாலும், அந்தக் கட்டடத்தின் பாரம் அவர் முதுகில் ஏறிவிடும். வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோரிப்பாளையத்தில் ஒரு மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இங்கே இவருடைய இடது தோள் இறங்கும். விசேஷ வீடென்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "கூட்டம் வந்துருச்சு போல" என்று மனைவி பாக்கியமேரி தைலத்தை எடுப்பாள். கம்பியும் அஸ்திவாரமும் சரியாக இருந்தால் எம்புட்டுப் பெரிய வீடும் தாங்குகிற கனம்தான். அதனால் கணக்குப் பார்க்காமல் அவர் குத்துவதில்லை. மற்ற இன்ஜினியர்களின் முத்திரை மலிவு. அவர்களுக்கு எதுவும் வலிக்காது.

ஒருமுறைதான் தவறினார். வேளாங்கண்ணிக்குப் போகுமுன், அவசரக்காரர்களுக்காக வெற்றுத் தாள்களில் முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டு, படம் வரைகிற செல்வக்குமாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். மறுவருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில் முழங்காலிட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கப் பார்த்தவர்கள் கையை உதறிக்கொண்டு விலகினார்கள். அது ஆள் கனம் இல்லை. செல்வக்குமாரைக் கூட்டிவந்தார்கள்.

"எந்த வீடுடா இது?"

"சமயநல்லூர் ஜெயபாண்டி வீடாத்தான்ணே இருக்கும். ரெண்டு மாடின்னாரு. மூணாக்கிட்டாரு போல."

"மண்ணு?"

"மூடுன கண்மாய்ண்ணே."

பத்துப் பேர் சேர்ந்து செங்கல் லாரியில் ஏற்றித்தான் அவரைச் சமயநல்லூருக்குக் கொண்டுபோக முடிந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் ஜெயபாண்டி சிரித்தார். "எங்கண்ணே விரிசல்? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, போறேன்." கிருபாகரன் உட்கார்ந்தபடியே சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது, அதிலிருந்து மணல் உதிர்ந்தது. ஜெயபாண்டி சிரிப்பை விட்டுவிட்டு எல்லாரும் வெளியே வாங்க என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

"படத்துல முத்திரைமேல கோடு போட்டு அடிச்சு விட்ருங்கண்ணே, பாரம் இறங்கிரும்" என்று செல்வக்குமார் அழுதான்.

"அடிச்சா வீடும் இறங்கிரும். உள்ள ஆளு இருக்குடா."

பீரோ வந்தது, கிரைண்டர் வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர் மூச்சு கொஞ்சம் இளகியது. எல்லாரும் வெளியே வந்தாச்சு என்றார் ஜெயபாண்டி. கிருபாகரன் தலையாட்டினார். "இல்ல. மேல இன்னும் ஒண்ணு இருக்கு. சின்னது." ஜெயபாண்டியின் மகள் தமிழ்ச்செல்வி அப்பாவின் வெறுங்கையைப் பார்த்தாள். தன் கைக்குழந்தையை அவர் தூக்கிவந்திருப்பார் என்று அவளும், அவள் தூக்கிவந்திருப்பாள் என்று அவரும் நினைத்திருந்தார்கள். அவள் படியேறி ஓடி, தொட்டிலோடு அள்ளிக்கொண்டு வரும்வரை கிருபாகரன் பல்லைக் கடித்துத் தாங்கினார். பிறகு வரைபடத்தை வாங்கி முத்திரைமேல் பேனாவால் கோடு இழுத்தார். வீடு முழங்கால் மடக்கி, அதிகச் சத்தமில்லாமல், கண்மாய்க்குள் உட்கார்ந்தது.

முதுகு விரிசல் தைலத்துக்குக் கேட்கவில்லை. பாக்கியமேரி சிமெண்ட் பால் பூசி, ஈரச் சாக்குப் போட்டு, காயவிடாமல் தண்ணீர் தெளித்து வந்தாள். நன்றாகவே இறுகிவிட்டது. ஐப்பசி மழையில் மட்டும் கொஞ்சம் ஒழுகும். அவள் கீழே ஒரு கிண்ணம் வைத்துவிடுவாள்.