சத்தமில்லாத காட்சி

அந்த உளவாளிக்குச் சாவு கிடையாது. இருபது, இருபத்தைந்து படங்களாகச் சுட்டும் பார்த்தார்கள், மலையிலிருந்து தள்ளியும் பார்த்தார்கள். ஆள் முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த படத்துக்கு வந்துவிடுவார். இந்தத் தடவை இலங்கையில் தெமோதரைக்கு மேலே, தேயிலைக்குள் வந்து படுத்திருந்தார்.

காட்சி இதுதான். பெண்கள் கொழுந்து பறிப்பார்கள். உளவாளி அவர்கள் காலடியில் பதுங்கியிருப்பார். வில்லன் தேடிக்கொண்டே கடந்து போவான். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

படம் எடுக்க இந்த இடத்தைக் காட்டியவள் சுதர்ஷினி. அதே தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். படக் கம்பனியில் அவளுக்கு இது முதல் வாரம். "எங்க ஆளுங்க பொம்மை மாதிரி நிப்பாங்க" என்று டைரக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

'அக்‌ஷன்' என்றதும் வீரய்யா கங்காணி தொண்டையைத் திறந்தார். "பொலி!"

"பொலியோ பொலி!" என்றார்கள் பெண்கள். விளைச்சல் பெருகட்டும் என்று, முதல் கொழுந்தில் கை வைக்கும் முன்பு போடும் குரல் அது. எங்கோ தள்ளியிருக்கும் பதுளை பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்த நாயொன்று எழுந்து ஓடியதாகக் கேள்வி.

'கட்.' கூடைகளைக் கொட்டச் சொல்லி, பழையபடி வெறுங்கூடையோடு நிறுத்தினார்கள். மறுபடி பொலி. மறுபடி கட். காலை முழுக்க இதே கூத்து. கடைசியில் டைரக்டர் சுதர்ஷினியைக் கூப்பிட்டு, இனி யாராவது வாயைத் திறந்தால் அவள் வீட்டுக்குப் போகலாம் என்றார். வீடு அங்கிருந்தே தெரிந்தது.

அவள் கங்காணியிடம் ஓடினாள். "மாமா, ஒரு தடவை சொன்னா போதாதா? என் வேலை போகப் போவுது!"

"அது எப்பிடி பாப்பா? வெறுங்கூடைய மாட்டுனா புதுசா தொடங்குற மாதிரிதானே? பொலி சொல்லாம கை வச்சா மலை காஞ்சி போயிடாதா?"

"ஒங்க படத்து தொரைதானே கொட்டச் சொல்றாரு" என்றாள் கூடையோடு நின்ற நல்லம்மா. "அவரு கொட்டச் சொல்லச் சொல்ல நாங்க கத்துவோம்."

சுதர்ஷினி கூடையைப் பார்த்தாள். "அப்ப கூடையில கொழுந்து கெடந்தா?"

"கெடந்தா எதுக்குக் கத்தணும்? எங்களுக்கு என்ன பைத்தியமா?"

எல்லாக் கூடையிலும் பாதிக்குக் கொழுந்தை நிரப்பச் சொல்லிவிட்டு, இனி இப்படித்தான் காட்சி தொடங்கும் என்று டைரக்டரிடம் போய் நின்றாள். அவர் காரணம் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

'அக்‌ஷன்.'

கங்காணி வாயைத் திறக்கவில்லை. பெண்களும் திறக்கவில்லை. கொழுந்து ஒடிகிற சத்தம் மட்டும்தான். வில்லன் நெருங்கி வந்தான்.

"பொலியோ பொலி!"

கத்தியது உளவாளி. காலையிலிருந்து செடிக்கடியில் கிடந்து கேட்டவர். 'அக்‌ஷன்' என்றால் அடுத்து அதுதான் என்று அவர் தொண்டைக்கே பழகிப்போயிருந்தது.

சுதர்ஷினி தன் பையை எடுத்தாள். டைரக்டர் அவளைப் பார்த்தார். சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிக்கொண்டு சிரித்த கதாநாயகனைப் பார்த்தார். அவரை அனுப்பினால் படம் இல்லை. அவரை வைத்துக்கொண்டு இவளை அனுப்ப டைரக்டருக்கே வெட்கமாக இருந்தது. பையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "இன்னொரு தடவை எடுப்போம்" என்றார்.

வீரய்யா குனிந்து உளவாளியை ஒரு பார்வை பார்த்தார்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு. நாளைக்கி காலையில பெரட்டுல வந்து வேலைக்குப் பேரு குடுக்கச் சொல்லு பாப்பா. கூடை நான் தர்றேன்."