பச்சைக் கோட்டுக்குள் எண்பது கிலோமீட்டர்

மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டார். சைக்கிள் ஓட்டும்போது நெஞ்சு அடைத்துச் சாலையில் விழுந்து பத்து மாதமாகிறது, இனி மேடு ஏறலாம் என்றார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எங்கள் வீட்டுப் பூசாரி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறாள். போனை எடுத்து, இடம் கேட்டு, வண்டி அனுப்புகிற வேலை.

"எந்த வழியா போகணும்னு நான்தான் போட்டுத் தருவேன். சம்மதம்னா சைக்கிளைத் தொடுங்க" என்றாள் என் மனைவி.

சம்மதித்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் நான். அரை மில்லிமீட்டருக்காக யாரோடும் சண்டை போடுவேன், இவளோடு மட்டும் போட மாட்டேன்.

மூன்று நாள் சாப்பாட்டு மேசை எங்களுக்கு இல்லை. வரைபடத்தை விரித்து, சாலை வளைவுகள் மேல் நூலைப் படுக்க வைத்து, பிறகு நீட்டி அளந்தாள். எந்த மேடு எவ்வளவு செங்குத்து, எந்த இறக்கத்தில் சரளைக்கல், எங்கே தண்ணீர் கிடைக்கும், எல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏறின. நாலாம் நாள் என் முன்னால் வைத்தாள். எண்பது கிலோமீட்டர், நான்கு குன்றுகள், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுற்று. ஒப்புக்குப் போட்டதில்லை, நாக்குத் தள்ளிவிடும்.

ஆனால் பெரிய மலை இல்லை. பத்து மாதமாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு மனத்துக்குள் நான் ஏறிக்கொண்டிருந்தது அந்த மலையைத்தான். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அவள் போட்ட கோடு அடிவாரம் வரைகூடப் போகாமல் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

"அங்க ரோடு சரியில்ல" என்றாள், என்னைப் பார்க்காமல்.

அவள் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன மாமா, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி இருக்கு? போன வாரம்தான் பெரிய மலைக்குப் போனேன். ரோடு வழுவழுன்னு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. உன்னால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தப் பொய்?

மறுநாள் அவள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் சண்டையையும் கையோடு முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அவள் காதில் ஹெட்போன் மாட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். "பதறாதீங்கம்மா, வண்டி கிளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன்." சுவர் முழுக்க வரைபடம். ஆம்புலன்ஸ் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் சுற்றிப் பச்சைக் கோடு, அதன்மேல் "12 நிமிடம்" என்று எழுத்து. என் விரல் தானாகவே சுவரில் அந்த எண்பது கிலோமீட்டரைத் தேடிப் போயிற்று. ஓர் இடத்தில்கூடப் பாதை பச்சையைத் தாண்டவில்லை. பெரிய மலை வெளியே தனியாக இருந்தது. அதன்மேல் "38" என்று எழுதியிருந்தது.

போட வந்த சண்டை போன இடம் தெரியவில்லை. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் சொன்னேன். "பெரிய மலை வேண்டாம். நீ போட்டதே போதும்."

"சுவத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "அன்னைக்கு நீங்க விழுந்தப்ப ஒருத்தர் போன் பண்ணாரே, அந்தப் போனை எடுத்தது நான்தான். சைக்கிள் நிறம் சொன்னார், சட்டை நிறம் சொன்னார். மூச்சு இல்லைங்கன்னு சொன்னார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"பதினாலு நிமிஷம். வண்டி போய்ச் சேர்ற வரைக்கும் நெஞ்சை எப்படி அழுத்தணும்னு அவருக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். என் குரல் நடுங்குனா அவர் பயந்துடுவார்ல?"

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

நான் விழுந்த கதையை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன், கைகால் ஆட்டி, சிரிக்கச் சிரிக்க. அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று இவளிடம் ஒரு தடவை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப கேக்கறேன். எல்லாத்தையும் சொல்லு."

சொன்னாள். அழுதாள், நானும் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வரைபடத்தை இழுத்தாள். இடப்பக்கம் ஒதுங்கியிருந்த கோட்டை அழித்துப் பெரிய மலையின் உச்சி வரை கொண்டுபோனாள்.

"என்ன பண்றே? அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"எங்கயோ உக்காந்து போன்ல கேக்குறதுதான் என்னால முடியாது. பக்கத்துல இருந்தா பார்த்துக்குவேன். நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்."

"பதினேழு வளைவுக்குமா? நடக்குற வேகத்துலதான் ஏறுவேன். பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டுவான்."

"திட்டட்டும்" என்றாள். "உங்க மூச்சுச் சத்தம் என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."