கான்வாஸ் பெல்ட்

ஆறு, ஏழு... இப்போது போன் அடிக்கக் கூடாது. அடிக்காமலே இருந்துவிடவும் கூடாது. எட்டு.

வலது முழங்காலை நெஞ்சோடு அணைத்தபடி தரைவிரிப்பில் மல்லாந்து கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் கேட்கும் ஒரே பேச்சு இந்த எண்ணிக்கைதான். பத்து வந்ததும் காலை மெல்ல இறக்கினாள்.

பழைய துணிகளை அளவுக்குத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடையில் பத்தொன்பது வருடமாகத் தையல்காரி. தம்பி வீடு மாறியபோது, ஆள் பத்தவில்லை என்று பீரோவுக்குத் தோள் கொடுத்தாள். மறுநாள் காலை இடுப்பில் தாழ்ப்பாள் போட்டதுபோல் தசை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். கோட்டுக்கு உள்ளே வைக்கும் முரட்டுக் கான்வாஸை இரண்டு மடிப்பாக்கி, அளவெடுத்து, கொக்கி வைத்துப் பெல்ட் தைத்தாள். எழுந்ததும் மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவாள். மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று முதலாளிகூடக் கிண்டல் செய்தார். ஆனால் மூன்று மாதம் கழித்து, கீழே விழுந்த ஒரு பொத்தானை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

பிசியோதெரபி செய்கிற பெண் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் பிரமாதம்மா. ஆனா எல்லா வேலையையும் பெல்ட்டே பார்க்க, மூணு மாசமா உங்க முதுகு சும்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே."

பிறகு அவளைக் குப்புறப் படுக்க வைத்து இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். இன்னொருவர் கை அங்கே பட்டு எத்தனை வருடம் இருக்கும்? முகம் தலையணைக்குள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்று முதல் தினம் இரண்டு வேளை பயிற்சி, கால்மணி நேரம் வெந்நீர்ப் பை. அரைமணிக்கு ஒரு தடவை மிஷினை விட்டு எழுந்து நடக்க வேண்டும். இப்போதைக்கு எதையும் தூக்கக் கூடாது. நேற்றுதான் பெல்ட்டைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டாள்.

போன் அடித்தது. தம்பி.

அவன் மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். புதன்கிழமை அவன் வீட்டுக்கு வருகிறார். தூக்கி உட்கார வைக்க, பிடித்து நடக்க வைக்க ஆள் வேண்டும். வெளியாள் தொட்டால் அவருக்குப் பிடிக்காது.

"ஒரு மாசம் வந்து இரு, அக்கா. பசங்க வேற, அத்தை எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க."

ஐந்து பேர் சேர்ந்து சாப்பிடும் அந்த மேஜை, ஓயாத டிவி சத்தம், மூடினாலும் திறந்துகொள்ளும் குளியலறைக் கதவு, எல்லாம் ஒரு கணம் அவள் மனதில் வந்து நின்றன. இங்கே அடுப்படியில் கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். போகலாம் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கு முதுகு இன்னும் சரியாகலடா," என்றாள்.

"அதான் அந்த பெல்ட் இருக்கே. மாட்டிக்கிட்டு வாக்கா."

ஒருமுறை வந்தபோது பார்த்த பெல்ட் ஞாபகம் இருக்கிறது அவனுக்கு.

பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தபடி ஒருக்களித்து, கையை ஊன்றி, அவசரப்படாமல் எழுந்து உட்கார்ந்தாள். மிஷின் மேல் பிரித்த கான்வாஸ் கிடந்தது.

"லீவுல பசங்களை இங்க அனுப்பு," என்றாள். "நான் வரலடா."