கோப்பு எண் பார்த்த கோமாரி

உலகத்திலேயே கோப்பு எண் பார்த்துப் பயணம் போன ஒரே வைரஸ் எங்கள் ஊர்க் கோமாரிதான். ஒன்றாம் எண் பண்ணையை முடிக்காமல் இரண்டாம் எண்ணுக்குள் காலடி வைக்காது. வியாழக்கிழமை தவிர வேறு கிழமையில் கிளம்பாது. நடுவில் ஒரு வாரம் விடுப்பு வேறு எடுத்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடித்தவள் கால்நடை ஆய்வுக்கூடத்துப் பரிசோதகி. கண்டுபிடித்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, மண்டையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல்தான் இருந்தது. அவளுடைய அண்ணன்தான் ஆறு பண்ணைகளுக்கும் போய்ப் பால் எடுக்கிறவன். மாடுகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கிளம்பியதும், பரப்பியது பால் வண்டிதான் என்று கால்நடை அதிகாரி முடிவுகட்டி, அதைப் பிடித்து அலுவலக வாசலில் நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் உரிமம் ரத்து. வண்டி போனால் அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது.

காலை ஏழு மணிக்கெல்லாம் அண்ணியின் போன் வந்துவிடும்.

“ஊர்ல உள்ள வைரசுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா வரைக்கும் தேடிக் கண்டுபிடிக்கிற. உங்க அண்ணன் வண்டிக்கு ஒரு வழி சொல்ல மாட்டியா? மனுஷன் வீட்டுல உக்காந்து என் சமையலுக்குக் குறை சொல்லிட்டிருக்காரு!”

“பாத்துட்டுதான் இருக்கேன் அண்ணி.”

“பாத்துட்டே இரு.”

பார்க்க விட்டால்தானே? ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி போடும் சத்தத்தில் அடுத்த தெரு நாய்கள் ஊரைக் காலி செய்துவிட்டன. மின்சாரமோ, அவள் இயந்திரத்தைத் தொடுகிற நேரம் பார்த்துப் போகும். இத்தனைக்கும் நடுவில் ஆறு பண்ணைகளின் வைரசையும் படித்து முடித்தாள். கோமாரி வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது சின்னச் சின்னப் பிழை விடும். ஒரு பண்ணையில் விட்ட பிழை அடுத்த பண்ணைக்கும் கூடவே போகும், அங்கே புதிதாக ஒன்று சேரும். பிழைகளை அடுக்கினால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரிந்துவிடும்.

தெரிந்தது. ஆனால் அண்ணன் போகிற பாதையோடு ஒட்டவே இல்லை. வரைபடத்தில் கோடு இழுத்தால் கோழி கிளறிய மாதிரி இருந்தது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, திங்கட்கிழமை வெறுத்துப்போய்க் குழாய்களை நோய் பரவிய வரிசையில் எடுத்து வைக்கும்போதுதான் லேபிளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பண்ணைகள் அலுவலகக் கோப்பில் பதிவான வரிசை!

அதிகாரி எதையும் கோப்பு வரிசையில்தான் செய்வார். வியாழன் காலை நோய் கண்ட பண்ணையைப் பார்ப்பார். மதியம், நோய் வராத அடுத்த எண்ணுக்குப் போய் முன்னெச்சரிக்கையாக ஒவ்வொரு மாட்டின் வாயையும் திறந்து பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே ரப்பர் ஏப்ரன்.

“வைரசுக்கு எண்ணத் தெரியுமாம்மா?” என்று அவள் அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார் அதிகாரி.

“அதுக்குத் தெரியாது சார். கூட்டிட்டுப் போறவங்களுக்குத் தெரியும்.”

“உங்க அண்ணனைச் சொல்றியா?”

“ஒண்ணு கிழக்கே, ரெண்டு மேற்கே, மூணு மறுபடி கிழக்கே. இப்படிச் சுத்துனா பால் வீடு வந்து சேர்றதுக்குள்ள தயிராயிடும் சார்.”

அவள் பார்வை ஆணியில் தொங்கிய ஏப்ரனுக்குப் போனது. அதிகாரியின் முகம் சிவந்தது.

அவள் அறிக்கையை ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பினார். இடம் விட்டாள். தேதி தப்பு என்றார். திருத்தினாள். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டது, செல்லாது என்றார். அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் நடந்த நடைக்கு அவள் கடல் தாண்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பொறுமை அறுந்தது. “சார், அந்த ஏப்ரனைத் துடைச்சே பாத்துடலாமே?”

“அது வாரா வாரம் கழுவுற ஏப்ரன்!”

“அப்ப என்ன பயம்?”

“எனக்கென்ன பயம்? ஆனா நான்தான் துடைப்பேன், நான்தான் ஒட்டுவேன். நீ தள்ளி நில்லு.”

ஏப்ரனில் தைத்திருந்த பையின் விளிம்பில் ஒன்று, மடிப்புக்குள் ஒன்று என்று அவரே பஞ்சால் துடைத்தார். சுண்டுவிரல் நீளக் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஆறு முத்திரை குத்தினார். அவள் எதையாவது கலந்துவிடுவாளோ என்று நாற்காலியைத் தூக்கிவந்து இயந்திரத்துக்கு முன்னால் காவல் உட்கார்ந்தார். புதன்கிழமை பாதியில் மின்சாரம் போனது. முதலிலிருந்து தொடங்கினார்கள். வியாழன் அவருக்குக் கொட்டாவி, அவளுக்குத் தலைவலி, அண்ணிக்கு நான்கு முறை போன்.

வெள்ளி காலை முடிவு வந்தது. பை விளிம்பில் ஆறாம் பண்ணையின் வைரஸ், ஒரு பிழை குறையாமல். மடிப்புக்குள் இருந்ததோ நான்காம் பண்ணையுடையது. ஐந்திலும் ஆறிலும் சேர்ந்த பிழைகள் அதில் இல்லை. அதிகாரி தன் கையெழுத்தையும் முத்திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பயண நாட்குறிப்பை எடுத்து, தேதிகளை விரலால் தடவிக்கொண்டே போனார். அவர் பல்வலி என்று விடுப்பு எடுத்த வாரத்தில் விரல் நின்றது. அந்த வாரம் எந்தப் புதுப் பண்ணைக்கும் நோய் போகவில்லை.

“என்ன சார், நானா கலந்தேன்?” என்றாள். அவர் நாட்குறிப்பை மூடினார்.

கூட்டத்தில் பால் வண்டியின் பெயரைப் படித்ததும் அண்ணன் எழுந்து நின்றான். அவனுக்கு முன்னால் அதிகாரி எழுந்துவிட்டார். ஏப்ரனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

“வண்டியை விட்டுடுங்க” என்றார். “இந்தப் பொண்ணு சொன்னப்ப நான் நம்பல. ஆனா நடந்தது நிஜம். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் கொண்டுபோனது நான்தான்.”