வாயிற்காவலனிடம் தோற்றவள்

நாத்தனாரை மெச்சிப் பேசும் அண்ணி என்றால் உலகம் நம்பாது. நம்பாவிட்டால் போகட்டும். என் கணவரின் தங்கையைப் போல ஒரு மூளைக்காரியை நான் பார்த்ததில்லை. பிடிவாதக்காரியையும்தான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து, இருபது முகமுள்ள பகடை ஒன்றை என் கையில் திணித்தாள்.

"அண்ணி, நீங்க ஒரு திருடி. கோட்டை வாசல்ல நிக்கறீங்க. காவலாளி உங்களையே பாக்கறான். என்ன பண்றீங்க?"

அவள் உண்டாக்கிய ஆட்டம் அது. கதையை அவள் சொல்வாள். என்ன செய்கிறோம் என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் ஜெயம், சின்ன எண் விழுந்தால் தோல்வி. "நான் அவனோட சித்தி பொண்ணுன்னு சொல்லுவேன்" என்று உருட்டினேன். மூன்று விழுந்தது. என் கைராசி அப்படி.

வேறு யாராவது கதை சொல்லியிருந்தால் என்னைப் பிடித்துச் சிறையில் போட்டிருப்பார்கள். இவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காவலாளியாகவே மாறினாள். "எங்க சித்திக்குப் பொண்ணே கிடையாது. ஆனா இவ்வளவு மட்டமா பொய் சொல்றவ, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளாத்தான் இருக்கணும். வா, உன்ன மாதிரி ஒருத்தியைத்தான் தேடிட்டிருந்தேன்."

காவலாளி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே அவன் அம்மாவும் மனைவியும் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் சேதி சுமப்பது என் வேலையாயிற்று. அன்று சிரித்த சிரிப்பில் என் கணவருக்குப் புரையேறிவிட்டது. நான் ஜெயித்திருந்தால் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைத்தான் போன வருடம் ஒரு நிறுவனம் கணினி விளையாட்டாக மாற்ற எடுத்துக்கொண்டது. கதை எழுதவும் அவளையே வைத்துக்கொண்டார்கள். மேசை ஆட்டத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல அவள் எதிரே இருந்தாள். கணினிக்கோ எழுதி வைத்தது மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு தோல்விக்கும் என்ன நடக்கும் என்று அவள் தனித்தனியாக எழுத ஆரம்பித்தாள். என் சொதப்பல்கள் எல்லாம் அதில் அரங்கேறின. மானம் போனாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அங்கேதான் மேலாளர் குறுக்கே வந்தார். கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர்.

"மேடம், மேசையில தோத்தா தோத்ததுதான். கம்ப்யூட்டர்ல அப்படி இல்லயே. லோடுன்னு ஒரு பட்டன் இருக்கு. தோத்த உடனே அத அமுக்கி, பழைய இடத்துக்குப் போய் மறுபடி உருட்டுவாங்க. நீங்க எழுதறத ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

தோல்விக் காட்சிகளை வெட்டிவிடலாம், பகடையையும் ஆடுபவருக்கே தெரியாமல் அவருக்குச் சாதகமாகத் திருப்பி விடலாம் என்பது அவர் யோசனை. இவள் எழுந்து நின்றுவிட்டாளாம். "பகடை பொய் சொன்னா அது என் ஆட்டம் இல்ல சார். என் பேர எடுத்துடுங்க."

கடைசியில் ஒரு சோதனைக்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிடுவது. தோற்றவர்கள் லோடு பட்டனைத் தேடிப் போனால் மேலாளர் சொன்னபடி. போகாவிட்டால் இவள் சொன்னபடி.

"நீங்களும் வாங்க அண்ணி. தனியா பாத்துட்டு நிக்க என்னால முடியாது" என்றாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வரிசையாகக் கணினிகள். இந்தப் பக்கம் நாங்கள் மூவரும். அவர்கள் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. ஒவ்வொருவர் திரையும் எங்கள் சுவரில் சிறியதாகத் தெரிந்தது. பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக்க தோஷம், யார் கை எங்கே போனாலும் என் வலது கால் தரையை அழுத்தியது.

மூலையில் இருந்த தாடிக்காரர்தான் முதலில் கோட்டை வாசலுக்கு வந்தார். காவலாளியிடம் உறவு கொண்டாடினார். பகடையில் ஐந்து. கண்ணைக்கூட இமைக்காமல் லோடு அமுக்கினார். மறுபடி உருட்டினார், எட்டு, மறுபடி லோடு.

மேலாளர் தன் குறிப்பேட்டில் இரண்டு கோடு போட்டார். வாயால் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாத்தனார் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். எனக்கு அந்தத் தாடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து, கண்ணாடி போட்ட ஒரு பெண். அவளுக்கு நான்கு விழுந்தது. "சே!" என்றாள். காவலாளி, "எங்க சித்திக்குப் பொண்ணே கிடையாது. ஆனா..." என்று ஆரம்பித்தபோதே அவள் கை பட்டனை அமுக்கிவிட்டது. குரல் பாதியில் நின்றது. திரையில் லோடு பட்டியல். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். என் கால் பிரேக்கைத் தேடியது.

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது.

"ஆனா என்ன?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பட்டியலை மூடினாள். காவலாளி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அவள் முதலில் புன்னகைத்தாள். அவன் வீட்டுக்குள் நுழைந்து, மாமியார் சொன்ன வசவை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் சிவப்புத் தொப்பிக்காரர் எட்டிப்பார்த்தார். அவர் இதற்குள் பதினெட்டு போட்டு ஜெயித்து, கோட்டைக்குள் போய்விட்டவர்.

"என்னங்க இப்படிச் சிரிக்கறீங்க?"

"மாமியார் மருமக சண்டைங்க. நான்தான் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

"எனக்கு இதெல்லாம் வரவே இல்லயே?"

"நீங்க ஜெயிச்சிட்டீங்க, பாவம்."

அவர் நாற்காலியைத் தன் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு லோடு அமுக்கிக் கோட்டை வாசலுக்குத் திரும்பிப் போனார்.

மேலாளர் முன்னால் குனிந்தார். "ஜெயிச்ச ஆளு எதுக்குத் திரும்பிப் போறாரு?"

"தோக்கறதுக்கு" என்றேன்.

பகடை உருண்டது. பதினைந்து. கதவு திறந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி லோடு அமுக்கினார். பத்தொன்பது. "ஐயோ, இன்னொரு தடவை!" என்றார். அவர் கெஞ்சுவதற்காகப் பகடை இறங்கி வரவில்லை. அது யாருக்கும் சாதகமாகத் திருப்பப்படாத பகடை, என் நாத்தனாரின் பகடை. தாடிக்காரர்கூடத் தன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் நாத்தனார் சின்ன வயதிலிருந்து "இதெல்லாம் ஒரு வேலையா?" என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பகடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வரிசையாக நிறுத்த வேண்டும் போல் எனக்குப் பெருமை பொங்கியது.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "பகடையில கை வைக்க வேணாம். மிச்சத் தோல்வியெல்லாம் எழுதி முடிக்க எத்தன பேர் வேணும் மேடம்?"

அவள் இன்னும் தடுப்புக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா எழுதறவங்களா நாலு பேர் குடுங்க. யாரு எழுதினாலும் இவதான் பாத்து சரின்னு சொல்லணும்" என்று நானே பதில் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லைதான்.

சோதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் கடைசிவரை தோற்க முடியாத எரிச்சலில் எங்களை நோக்கித்தான் வந்தார்.

"அந்தக் காவலாளி வீட்டக் கட்டினது யாருங்க?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள். பகடையை ஊரறிய உருட்டத் தெரிந்தவளுக்குத் தன் கையைத் தூக்கத் தெரியவில்லை. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, பந்தயத்தில் ஜெயித்தவளின் கையைப் போல, அந்த அலுவலகமே திரும்பிப் பார்க்க உயர்த்திப் பிடித்தேன்.